மனுவுக்கு ஒரு புத்தி, கதைக்கு ஒரு புத்தி

தம்பி, இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அம்பாசமுத்திரம் பக்கம், எம்.ஏ. படிக்கிறீர்கள். உங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவைப் பற்றிக் கருத்தரங்குக்கு ஒரு கட்டுரை எழுதினீர்கள், 'கதை மாதிரி இருக்கு' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதே கொடையை வைத்து ஒரு சிறுகதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினால் 'கட்டுரை மாதிரி இருக்கு' என்று பதில் வந்திருக்கிறது. வகைமை, அதாவது கதை, கட்டுரை, மனு என்கிற எழுத்து வகை, என்றால் என்ன, நீ எப்படி யோசிக்கிற ஆள், இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் எழுத்து தானாகச் சரியாகும் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். இது உண்மையிலேயே உதவுமா, இல்லை வகுப்பில் மட்டும் புழங்குகிற வார்த்தைகளா என்று கேட்கிறீர்கள்.

உதவும், நிறையவே உதவும். நான் இருபது வருஷத்துக்கு மேல் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்து, தினமும் மற்றவர்கள் எழுதியதைத் திருத்திக்கொண்டே இருந்தவன். சந்திப் பிழை, ஒருமை பன்மை மயக்கம் எல்லாம் இருக்கும்தான், ஆனால் அவை அஞ்சு நிமிஷத்தில் சரியாகிவிடும். உட்கார்ந்து மல்லுக்கட்ட வேண்டியிருந்த எழுத்துகளையெல்லாம் இப்போது நினைத்துப் பார்த்தால், எழுதினவர் ஒரு வகைமைக்கான புத்தியோடு யோசித்துவிட்டு இன்னொரு வகைமையின் சட்டையை மாட்டி அனுப்பியதாகத்தான் இருக்கும். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது. இரண்டு எழுத்தையும் நீங்கள் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள், அவற்றையே எடுத்துக்கொண்டு பேசலாம். அதற்கு முன்னால் என் சித்தப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சித்தப்பா மனு எழுதிப் பிழைத்தவர். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு ஸ்டூல், மடியில் ஒரு பலகை, பையில் வெள்ளைத் தாள், கார்பன் தாள், இவ்வளவுதான் அவர் கடை. பள்ளிக்கூட லீவு நாட்களில், முக்கியமாக மனு நாளான திங்கட்கிழமைகளில், கார்பன் வைத்துக் கொடுக்க நான் கூடப் போவேன். ஒரு நாள் ஒரு பெரியவர் வந்தார். அவர் ஊர்க் குளத்தில் ஒரு மடை பழுது. அதைச் சொல்ல அவர் எங்கே ஆரம்பித்தார் தெரியுமா? "எங்க அய்யா காலத்துல அந்தக் குளம் மறுகால் பாயும் வே, அந்தச் சத்தம் ராத்திரி ஊருக்குள்ள கேக்கும்" என்று ஆரம்பித்தார். மறுகாலில், அதாவது குளம் நிறைந்து தண்ணீர் வழிகிற இடத்தில், துண்டை விரித்துக் கெண்டை பிடித்தது, கல்யாணமாகி வந்த வருஷம் பிசான நெல் நன்றாக விளைந்தது, மகன் திருப்பூருக்குப் போனது, போன வருஷம் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் இல்லாமல் பயிர் வெளுத்தது, அப்புறம்தான் கடைசியாக அந்த மடையின் ஷட்டர் வந்தது.

சித்தப்பா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு வரிசையாகக் கேட்டார்: குளத்துக்கு எத்தனை மடை, எந்த மடை பழுது, எந்த வருஷத்திலிருந்து, அந்த மடையில் எத்தனை ஏக்கர் பாயும், இதற்கு முன்னால் மனு கொடுத்திருக்கிறீர்களா, தேதி இருக்கிறதா. பிறகு எழுதினார். பொருள்: குளத்தின் நடுமடை ஷட்டர் பழுது, சரிசெய்து தரக் கோருதல். மேற்படி குளத்தின் 3 மடைகளில் நடுமடையின் ஷட்டரை 2 ஆண்டுகளாக மூட முடியவில்லை. பிசானத்துக்குத் தேங்கிய தண்ணீர் தை மாதத்துக்கு முன்பே வடிந்துவிடுகிறது. இம்மடையில் பாயும் சுமார் 40 ஏக்கர் நெற்பயிர் சென்ற ஆண்டு கருகியது. இப்படிப் பத்துப் பதினோரு வரிதான். வாசித்துக் காட்டியதும் பெரியவர் முகம் வாடிப் போயிற்று. "எங்க அய்யா, மறுகால் சத்தம், ஒண்ணும் இதுல இல்லியே வே" என்றார். சித்தப்பா சொன்ன பதில் இன்றைக்கும் எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "அண்ணாச்சி, இத வாசிக்கிறவரு முன்னால இன்னைக்கு மட்டும் எரநூறு மனு கெடக்கும். அவருக்கு எது ஒடஞ்சிருக்கு, யாரு சரி பண்ணணும், பண்ணலேன்னா என்ன நட்டம், இந்த மூணும் தெரிஞ்சா போதும். எடத்தப் பாக்க ஆளு வருவாங்கல்லா, அப்ப கரையில நின்னு மறுகாலச் சொல்லுங்க, கேப்பாங்க."

வகைமை என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் இதுவரை எங்கேயும் படிக்கவில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்கிற அமைப்பை நாம் பள்ளிக்கூடத்தில் ஒரு சடங்கு மாதிரி மனப்பாடம் செய்கிறோம். ஆனால் ஒவ்வொன்றும் வாசிக்கிறவர் மனசில் எழுகிற ஒரு கேள்விக்குப் பதில். இது யார் மேஜைக்குப் போக வேண்டியது என்பதற்குப் பெறுநர். பதிவேட்டில் எழுத்தர் ஏற்றுவதற்கு ஒரே ஒரு வரி வேண்டும், அதற்குப் பொருள். பழைய தாள்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், அதற்குப் பார்வை. கரோலின் மில்லர் என்கிற அமெரிக்கப் பேராசிரியர் 1984இல் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையில் மிகவும் பேசப்பட்டது. வகைமையை அதன் வெளி வடிவத்தை வைத்து அடையாளம் காண்பதைவிட, திரும்பத் திரும்ப வருகிற ஒரு சூழலில் மனிதர்கள் அதைக் கொண்டு என்ன செயலைச் செய்கிறார்கள் என்று பாருங்கள் என்பது அவர் வாதம். அந்தக் கண்ணோடு பார்த்தால் வடிவத்தை மனப்பாடம் பண்ணுகிற அவசியமே பாதி போய்விடும். வாசிக்கிறவர் யார், எந்த நிலையில் உட்கார்ந்து வாசிக்கிறார், வாசித்து முடித்ததும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டாலே வடிவம் தன்னால் வந்து நிற்கும்.

செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்ந்த நிருபர்கள் விபத்துச் செய்தியை எழுதும்போது, இறந்தவர் காலையில் எழுந்தது, டீக்கடைக்குப் போனது, பைக்கை எடுத்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து எட்டாவது வரியில் லாரி மோதியது என்பார்கள். நடந்தது நடந்த வரிசையில்தான் மனசில் இருக்கிறது, அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு விளம்பரம் ஒன்று வந்து இடம் குறைந்தால் நான் கீழேயிருந்துதான் வெட்டுவேன். கடைசிப் பத்தி போனாலும் நிற்பதுதான் செய்தி. கதையில் கடைசிப் பத்தியை யாராவது அப்படி வெட்டினால் எழுதினவர் சண்டைக்கு வந்துவிடுவார், வரத்தான் வேண்டும்.

இப்போது உங்கள் கொடைக்கு வருவோம். கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருக்கிறீர்கள். காப்பு, குருவணக்கம், அவையடக்கம், நாட்டுவளம் என்று மெதுவாக ஏறித்தான் கதைக்குள்ளே போவார்கள். பாட்டை நடத்துகிற அண்ணாவி ஒரு அடியைப் பாடினால் பக்கத்தில் இருப்பவர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள், வசனமாகச் சொன்னால் ஒருவர் 'ஆமா' போடுவார். சொன்னதையே மறுபடி சொல்கிறார்கள். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'கூறியது கூறல்' ஒன்று. 'மிகைபடக் கூறல்', 'மற்றொன்று விரித்தல்' இவையும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்தக் கணக்கில் வில்லுப்பாட்டு முழுக்கக் குற்றம்தான். ஆனால் நன்னூலை எழுதிய பவணந்தி அந்தப் பட்டியலை எதற்குச் சொன்னார் என்று பாருங்கள். நூலுக்குச் சொன்னார், அதாவது இலக்கணம் மாதிரியான அறிவு நூலுக்கு. தொல்காப்பியம் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று ஏழாகப் பிரிக்கிறது, நூல் அதில் ஒன்று மட்டுமே. நாம் என்ன செய்கிறோம் என்றால் நூலுக்குச் சொன்ன விதியை ஏழுக்கும் போட்டுவிடுகிறோம். பந்தலில் உட்கார்ந்திருக்கிற ஜனங்களை நினைத்துப் பாருங்கள். பிள்ளை மடியில் தூங்குகிறது, ஒருத்தர் டீ குடிக்கப் போய்விட்டு வருகிறார், மைதானத்தின் அந்தப் பக்கம் சர்பத் கடையில் சத்தம். திருப்பிப் பாடுவது அவர்களுக்காக. விட்ட இடத்தில் மறுபடி பிடித்துக்கொள்ள அது ஒரு கைப்பிடி. அப்புறம் சாமி இறங்க வேண்டிய இடம் நெருங்கும்போது அதே வரியை வேகம் கூட்டித் திரும்பத் திரும்ப அடிப்பார்கள். குடத்தின் வாயில் பத்தி என்கிற மட்டை விழுகிற வேகமும் வில்லில் வீசுகோல் விழுகிற வேகமும் ஒன்றாகச் சேரும், சாமியாடிக்கு உடம்பு சிலிர்க்கும். அங்கே கூறியது கூறாமல் விட்டால் கொடையே நடக்காது.

உங்கள் ஆசிரியர் 'கதை மாதிரி இருக்கு' என்று சொன்னதற்குக் காரணம் நீங்கள் வர்ணித்தது என்று நினைத்துக்கொண்டு வர்ணனையை எல்லாம் வெட்டிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும் சொல்கிறேன். உங்கள் கட்டுரையின் முதல் பத்தி இது: 'ஆச்சியின் விரலைப் பிடித்துக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்த அந்த இரவு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. குடத்தின் ஒலி நெஞ்சுக்குள் இறங்கியது. நடுச்சாமத்தில் அடி மாறியபோது பெண்கள் பக்கத்தில் இரண்டு பேர் எழுந்து ஆடத் தொடங்கினார்கள்.' நல்ல பத்தி. மூன்றாவது வாக்கியத்தில் ஒரு பெரிய விஷயத்தைப் பிடித்துவிட்டீர்கள், ஆனால் பிடித்தது உங்களுக்கே தெரியாமல் அடுத்த பத்தியில் ஆச்சி வாங்கிக் கொடுத்த சேவுக்குப் போய்விட்டீர்கள். அடி, அதாவது தாளம், மாறினது, ஆட்கள் எழுந்தார்கள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒவ்வொரு தடவையும் அப்படித்தானா? யாருக்கு அருள் வரும் என்பதை அண்ணாவி முன்கூட்டியே கணக்குப் போடுகிறாரா, சாமியாடியைப் பார்த்து அடியை மாற்றுகிறாரா? கட்டுரையின் புத்தி இந்தக் கேள்வியில்தான் விழித்துக்கொள்கிறது. நான் எழுதினால் இப்படி ஆரம்பிப்பேன்: 'கொடையில் வில்லுப்பாட்டு சாமியின் கதையைச் சொல்வதோடு நிற்கவில்லை, சாமி இறங்கும் நேரத்தையும் அதுவே கொண்டுவருகிறது. ஓர் ஊர்க் கொடையில் ஓர் இரவில் அடி மாறிய இடங்களையும் அருள் வந்த இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்தக் கட்டுரை அதை ஆராய்கிறது.' இதற்குப் பிறகு ஆச்சியும் வரலாம், குடத்தின் ஒலியும் வரலாம், ஆனால் சாட்சியாக வருவார்கள்.

சிறுகதையில் நேர் எதிர். 'வறுமை காரணமாக அக்காலத்தில் வில்லுப்பாட்டுக் கலைஞர்களுக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை. இதனால் முருகையா மனம் உடைந்து போனான்.' காரணமாக, இதனால், எனவே, ஆகவே என்று உங்கள் கதை முழுக்க இணைப்புச் சொல்லாகக் கிடக்கிறது. எண்ணிப் பார்த்தேன், முதல் பக்கத்தில் மட்டும் ஒன்பது. வாசகனுக்கு வேலையே வைக்கவில்லை நீங்கள். கொடை முடிந்த காலையை நீங்களே பார்த்திருப்பீர்கள், அதை மட்டும் எழுதிப் பாருங்கள்: 'விடிந்து டியூப் லைட்டை எல்லாம் அணைத்துவிட்டார்கள். முருகையா குடத்தைத் துண்டில் சுற்றி இடுக்கிக்கொண்டு தர்மகர்த்தா வீட்டுத் திண்ணையோரம் நின்றான். உள்ளே தட்டில் இட்லி விழுகிற சத்தம். இரியும் வாரேன் என்று ஒரு குரல் வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.' இதில் வறுமை என்ற சொல் இல்லை, மதிப்பு என்ற சொல்லும் இல்லை.

இந்த இரண்டு புத்தியையும் ஜெரோம் புரூனர் என்கிற உளவியலாளர் 1986இல் அழகாகப் பிரித்துக் காட்டினார். மனித மனம் அனுபவத்தை ஒழுங்குபடுத்த இரண்டு வழி வைத்திருக்கிறது என்றார். ஒன்று தர்க்க வழி, பொதுவிதியைத் தேடும், ஆதாரம் கேட்கும், உண்மையா பொய்யா என்று சோதிக்கும். இன்னொன்று கதை வழி, ஒரு குறிப்பிட்ட ஆள், ஒரு குறிப்பிட்ட இடம், அவன் என்ன நினைத்தான், எது குறுக்கே வந்தது என்று போகும், உயிரோட்டமாக நம்பும்படி இருக்கிறதா என்பதுதான் அதற்குச் சோதனை. ஒன்றை இன்னொன்றாகச் சுருக்க முடியாது என்பதை அவர் அழுத்திச் சொன்னார். சித்தப்பா முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் கதை வழியில் நின்றார், சித்தப்பா அதைத் தர்க்க வழிக்கு மாற்றி எழுதினார். மாற்றுவதற்கு முன்னால் முழுக்கக் கேட்டார் என்பதை மறந்துவிடாதீர்கள். அந்த 40 ஏக்கரும் 2 ஆண்டும் அந்தக் கதைக்குள்ளே இருந்துதான் கிடைத்தன.

நம் ஊர்க்காரர்களையே பாருங்கள். கல்யாணசுந்தரம் என்கிற ஒரே மனிதர் கதை எழுதும்போது வண்ணதாசன், கவிதை எழுதும்போது கல்யாண்ஜி. இரண்டுக்கும் இரண்டு பெயர் வைத்துக்கொண்டது எனக்கு எப்போதும் அர்த்தமுள்ளதாகவே படும். உட்காருகிற நாற்காலியே வேறு. பழைய நெல்லை மாவட்டத்து இடைசெவலில் கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுக் கதைகளைச் சொன்னார், அதே கையால் வட்டாரச் சொற்களுக்கு ஒரு அகராதியும் தொகுத்தார். கதை சொல்கிறபோது ஒரு சொல் மணத்தோடு கிளம்பி வரும், அகராதியில் அதே சொல் அகர வரிசையில், பொருளோடு, தன் இடத்தில் அடங்கி உட்கார வேண்டும். ஒருத்தருக்கே இரண்டும் கைவந்திருக்கிறது.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 'நான் படமாக யோசிக்கிற ஆள், எனக்குக் கட்டுரை வராது' என்று உங்கள் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்கள் யோசிப்பதில் வித்தியாசம் இருப்பது உண்மை. சிலருக்கு முதலில் காட்சி வரும், சிலருக்கு யாரோ பேசுகிற குரல் வரும், சிலர் எடுத்த எடுப்பிலேயே ஒன்று, இரண்டு என்று காரணங்களை அடுக்குவார்கள். ஆனால் அதைத் தலையெழுத்து மாதிரி ஆக்கிக்கொள்ளக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு கற்றல் பாணி உண்டு, அந்தப் பாணியிலேயே சொல்லிக்கொடுத்தால்தான் ஏறும் என்று பள்ளிகளில் ரொம்பக் காலம் பேசினார்கள். ஹரோல்டு பாஷ்லரும் இன்னும் மூன்று உளவியலாளர்களும் 2008இல் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அலசிப் பார்த்து, அப்படிச் சொல்வதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். அதனால் உங்கள் யோசனை எங்கிருந்து புறப்படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், அங்கேயே நின்றுவிட வேண்டியதில்லை.

எங்கிருந்து புறப்படுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? லிண்டா ஃபிளவர், ஜான் ஹேய்ஸ் என்கிற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு எளிய காரியம் செய்தார்கள். எழுதுகிற நேரத்தில் மனசில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லும்படி எழுத்தாளர்களைக் கேட்டு, அதைப் பதிவு பண்ணினார்கள். 1981இல் வெளிவந்த அவர்கள் கட்டுரை சொன்னது இது: திட்டம் போடுவது, அதைச் சொல்லாக்குவது, திரும்பப் பார்ப்பது என்பவை படிப்படியாக ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை, எழுதுகிற நேரம் முழுக்க ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொண்டே இருக்கின்றன. நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். உங்கள் போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, அடுத்த கட்டுரையின் முதல் பக்கத்தை வாய்விட்டு யோசித்துக்கொண்டே எழுதுங்கள். மறுநாள் கேளுங்கள். எந்த இடத்தில் தடையில்லாமல் பேசுகிறீர்கள், எந்த இடத்தில் 'ம்... அதாவது...' என்று இழுக்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். என்னிடம் வந்த ஒரு பிள்ளை இப்படிச் செய்தபோது, ஆட்களின் பேச்சைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் வேகம் எடுப்பதைக் கவனித்தோம். அதன்பின் கட்டுரைக்கு முன்னால் இரண்டு பேர் வாதம் பண்ணுகிற மாதிரி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு, பிறகு அந்த வாதத்திலிருந்து கட்டுரையைப் பிரித்தெடுக்க ஆரம்பித்தாள். அவள் கட்டுரைகளில் எதிர்த்தரப்பு இருக்கும், அதனால் உயிரும் இருக்கும்.

இதே ஃபிளவர் 1979இல் இன்னொரு பிரிவையும் சொல்லியிருந்தார்: எழுதுகிறவர் தனக்காக எழுதுகிற நடை ஒன்று, வாசிக்கிறவருக்காக மாற்றி எழுதுகிற நடை ஒன்று. முதல் வகையில் நாம் விஷயத்தைக் கண்டுபிடித்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போவோம். அது தப்பில்லை, அது முதல் பிரதி. களத்தில் சூடு அடிக்கிறபோது பதர், தூசி, வைக்கோல் எல்லாம் சேர்ந்துதான் கிடக்கும், அப்போதே முறத்தை எடுத்துக்கொண்டு யாரும் நிற்பதில்லை. காற்று வாகாக வரும்போது பொலி தூற்றுவார்கள். ஜே.பி. கில்ஃபோர்டு என்கிற உளவியலாளர் 1950களில் விரிகிற யோசனை, குவிகிற யோசனை என்று பிரித்துப் பேசியதையும் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். முதல் பிரதியை உங்கள் புத்தி எப்படி ஓடுகிறதோ அப்படியே கொட்டுங்கள், படமாக வந்தால் படமாக. இரண்டாவது பிரதியில் வகைமையின் புத்தியை வைத்துக்கொண்டு தூற்றுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் போனால் ஒரு வாக்கியத்தை எழுதி ஒரு வாக்கியத்தை அடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். ஆனால் இப்போதுதான் ஃபிளவரும் ஹேய்ஸும் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று புகும் என்றார்களே என்று கேட்பீர்கள். புகும்தான். நான் சொல்வது எதற்கு முதல் மரியாதை என்பதைப் பற்றி.

வகைமையைத் தெரிந்துகொண்டால் எழுத்து அச்சில் வார்த்த மாதிரி ஆகிவிடாதா என்ற பயம் நியாயமானது. குறவஞ்சியை நினைத்துப் பாருங்கள். தலைவன் பவனி வருவான், தலைவி மயங்குவாள், குறத்தி வருவாள், தன் மலையின் வளத்தைப் பாடுவாள், கை பார்த்துக் குறி சொல்வாள், பிறகு சிங்கன் சிங்கியைத் தேடி வருவான். எந்தக் குறவஞ்சியை எடுத்தாலும் கிட்டத்தட்ட இதே சட்டகம். மலைவளம் பாட வேண்டும் என்பது விதி. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் அந்த விதிக்குள்ளே தினமும் கண்ணெதிரே நின்ற குற்றால மலையைக் கொண்டுவந்து வைத்தார். குரங்குகள் பழம் கொடுத்துக் கொஞ்சுகின்றன, தேனருவியின் அலை எழும்பி வான வழியில் ஒழுகி சூரியனின் குதிரைக் கால்களும் தேர்ச் சக்கரமும் வழுக்குகின்றன. சாரல் காலத்தில் குற்றாலத்துப் பாறையில் ஒரு தடவை கால் வைத்தவனுக்கு அந்த வழுக்கல் எங்கிருந்து வந்தது என்று தெரியும். மலைவளம் பாட வேண்டும் என்கிற கட்டாயம் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பாட்டு நமக்குக் கிடைத்திருக்குமா என்றே எனக்குச் சந்தேகம்.

வகைமையின் விதி எவ்வளவு நுட்பமாக வேலை செய்யும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். அகப்பாட்டில் தலைவன், தலைவி யார் பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. நெடுநல்வாடையில் பாசறையில் இருக்கிற அரசனும், அவனைப் பிரிந்து அரண்மனையில் வாடுகிற அரசியும் வருகிறார்கள், பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் வேலின் தலையில் வேப்பந்தார் கட்டியிருந்ததாக ஒரு வரி வருகிறது. வேம்பு பாண்டியனின் பூ. ஆளை அடையாளம் காட்டிவிட்டதால் இது அகம் ஆகாது, புறம் என்றார் பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர். 188 அடிப் பாட்டில் ஒரு வேப்பந்தார்! கதையில் உங்கள் தர்மகர்த்தாவுக்குத் தங்கப்பல் வைத்திருக்கிறீர்களே, உங்கள் ஊரில் தங்கப்பல் கட்டினவர் ஒருவர்தான் என்றால், ஊர்க்காரர்கள் அதைக் கதையாக வாசிக்க மாட்டார்கள், பிராதாகத்தான் வாசிப்பார்கள். அந்தப் பல்லை எடுத்துவிடுங்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம் என்றால், ஆடிக் கொடை ஏதாவது பக்கத்து ஊரில் வரும். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். இடது பக்கத்தில் மணி, எந்த இடத்தில் அடி மாறியது, எத்தனை பேர் எழுந்தார்கள், இது மட்டும். வலது பக்கத்தில் உங்கள் கண்ணும் காதும் எதில் போய் நிற்கிறதோ அது, காரணம் கேட்காமல். விடிந்ததும் கிளம்பிவிடாமல், அண்ணாவி வில்லை அவிழ்த்து உறை போடுகிற வரைக்கும் இருங்கள். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "அடியை மாத்தணும்னு உங்களுக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்?" என்று கேளுங்கள். அவர் சொல்கிற பதில் இடது பக்கத்துக்கு, சொல்லும்போது அவர் கை என்ன செய்தது என்பது வலது பக்கத்துக்கு. இடது பக்கத்திலிருந்து கட்டுரையை எழுதி முதலில் அனுப்புங்கள், பார்க்கிறேன். கதையை ஒரு மாசம் கழித்து எழுதலாம்.